வரலாறு வேண்டாம் என்றவர்கள் நாங்கள்தான்

லண்டனில் பிள்ளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோருக்கு,

சேர்ச்சிலைப் பற்றிய அந்த வட்ஸப் பதிவை நீங்கள் ஆளுக்கொரு தடவை எனக்கும் அனுப்பிவிட்டீர்கள். 1943 இல் வங்காளத்தில் சுமார் முப்பது லட்சம் சனம் பட்டினியில் செத்ததை இந்த நாட்டுப் பள்ளிக்கூடம் வாய் திறந்து சொல்வதில்லையாம். கோகினூர் வைரம் எப்படி இங்கே வந்ததென்று பிள்ளைகளுக்குத் தெரியாதாம். எங்களை ஆண்டவன் தன் பாவத்தை மறைத்துத்தான் வரலாறு எழுதுவானாம். கோபம் நியாயமானது. ஆனால் ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளை ஓப்ஷன்ஸ் படிவத்தோடு வீட்டுக்கு வந்த அன்று, "ஹிஸ்ட்ரி எடுத்து என்ன கிழிக்கப் போறாய்? கொம்பியூட்டர் சயன்ஸுக்குப் புள்ளடியைப் போடு" என்று சொன்னது சேர்ச்சிலா?

இங்கிலாந்தில் பதினாலு வயதோடு வரலாறு விருப்பப் பாடமாகிவிடுகிறது. அதற்கு மேல் படிப்பதும் விடுவதும் பிள்ளையின் தெரிவு என்று சொல்வார்கள். எங்கள் வீடுகளில் அது யாருடைய தெரிவு என்று எல்லாருக்கும் தெரியும். மூன்று விஞ்ஞானமும் கணிதமும் இருந்தால் போதும், மிச்சம் எல்லாம் பொழுதுபோக்கு. பிறகு அந்தப் பிள்ளை இருபத்திரண்டு வயதில் வங்கியில் வேலைக்குப் போகும்போது, தான் பிறந்த நாட்டைப் பற்றி அதற்குத் தெரிந்திருப்பது ஒரு பதினாலு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த அளவுதான். அதை வைத்துக்கொண்டு "பள்ளிக்கூடம் மறைத்துவிட்டது" என்று நாங்கள் குறை சொல்கிறோம்.

பள்ளிக்கூடம் மறைக்கவே இல்லை என்று நான் வக்காலத்து வாங்கவில்லை. 2014 இல் நடைமுறைக்கு வந்த தேசியப் பாடத்திட்டத்தில், ஏழாம் ஆண்டிலிருந்து ஒன்பதாம் ஆண்டு வரைக்கும் 1745 முதல் 1901 வரையான பிரித்தானியா, அதன் பேரரசு என்று ஒரு தலைப்பு இருக்கிறது. அதற்குள் எதைப் படிப்பிப்பது, எதை விடுவது என்பது பள்ளிக்கூடத்தின் விருப்பம். பெயர் சொல்லிக் கட்டாயம் என்று வைத்திருப்பது யூத இனப்படுகொலையை மட்டும். அதாவது ஜேர்மனி செய்ததைக் கட்டாயம் படிக்க வேண்டும். தாங்கள் செய்தது ஆசிரியருக்கு நேரமிருந்தால். வேல்ஸில் 2022 செப்டெம்பரிலிருந்து கறுப்பின, ஆசிய மக்களின் வரலாறு புதிய பாடத்திட்டத்தில் கட்டாயம். இங்கிலாந்து இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை.

ஆனால் கதவு பூட்டியும் இல்லை. ஜீ.சீ.எஸ்.ஈ. வரலாற்றுக்கு ஏ.கியூ.ஏ., ஓ.சீ.ஆர்., எடெக்ஸெல் என்ற மூன்று பெரிய தேர்வுச் சபைகளிடமும் குடியேற்ற வரலாறு ஒரு தெரிவாக இருக்கிறது. ஏ.கியூ.ஏ.யின் பாடத்தில் குடியேற்றமும் பேரரசும் ஒன்றாகவே வரும். எடெக்ஸெல்லின் குடியேற்றப் பாடத்தில் லண்டன் நொட்டிங்ஹில்லே ஒரு பகுதியாக வரும். ஆனாலும் மிகப் பல பள்ளிக்கூடங்கள் மருத்துவத்தின் வரலாறு, முதலாம் எலிசபெத், நாசி ஜேர்மனி என்ற பழைய தடத்திலேயே ஓடுகின்றன. சதி ஒன்றும் பெரிதாக இல்லை: புத்தகம் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது, ஆசிரியருக்கு அது பழக்கம், யாரும் கேட்கவில்லை. அந்த "யாரும்" என்பது நீங்களும் நானும். பெற்றோர் சந்திப்பில் ஒவ்வொரு ஆசிரியரோடும் ஐந்து நிமிடம் கிடைக்கிறது. கணித ஆசிரியரிடம் எந்த செட், ஏன் மேலே ஏற்றவில்லை என்று மணி அடித்த பிறகும் நிற்கிறோம். வரலாற்று ஆசிரியரின் மேசையைக் கடந்து போகும்போது ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். எந்தத் தேர்வுச் சபை, எந்தத் தெரிவு, ஏன் குடியேற்றம் இல்லை என்று ஒரு தமிழ்த் தகப்பன் கேட்டதாக நான் இன்னும் கேள்விப்படவில்லை.

கேட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்பதற்கு ஒன்றைச் சொல்கிறேன். கனரி வோர்ஃபுக்குக் கிறிஸ்மஸ் விளக்குப் பார்க்கப் போகிறோமே, அங்கிருந்து நடக்கிற தூரத்தில் வெஸ்ட் இண்டியா கீ நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய செங்கல் கட்டடம் நிற்கிறது. 1802 இல் கட்டிய சீனிக் களஞ்சியம். கரீபியன் தீவுகளில் அடிமைகள் வெட்டிய கரும்பு சீனியாகி வந்து இறங்கிய இடம். இப்போது அது லண்டன் டொக்லண்ட்ஸ் அருங்காட்சியகம். சீனியையும் அடிமைத்தனத்தையும் பற்றி 2007 இலிருந்து அதற்குள் ஒரு தனிக்கூடம் இருக்கிறது. நுழைவு இலவசம். வாசலில் ரொபர்ட் மில்லிகன் என்ற அடிமை முதலாளிக்கு ஒரு சிலை நின்றது, 2020 ஜூனில் எடுத்துவிட்டார்கள். ஈஸ்ட்ஹாமில் இருந்து அரை மணித்தியாலத்துப் பயணம். அதே அரை மணித்தியாலத்தில் வெஸ்ட்ஃபீல்டுக்குப் போய் வாகனம் நிறுத்தவும் இடம் தேடிவிடலாம் என்பது வேறு கதை.

அந்தச் சீனிக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். 1833 இல் நாடாளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியபோது இரண்டு கோடிப் பவுண் நட்டஈடு ஒதுக்கியது. அரசாங்கத்தின் ஒரு வருடச் செலவில் அது ஏறக்குறைய நாற்பது வீதம். கொடுத்தது அடிமைகளுக்கா? ஒரு பென்னிகூட இல்லை. முழுவதும் உடைமைக்காரருக்கு. அதற்கு வாங்கிய கடனின் கடைசி மிச்சம் அடைந்தது 2015 இல். வூட்கிரீனிலும் ஹரோவிலும் கடைக் கல்லாவில் நின்று நாங்கள் கட்டிய வரியிலும் ஒரு துளி அதற்குப் போயிருக்கிறது.

அந்தப் பணம் பெற்றவர்களில் லிவர்பூல் வணிகர் ஜோன் கிளாட்ஸ்டன் ஒருவர். நான்கு தடவை பிரதமராக இருந்த வில்லியம் கிளாட்ஸ்டனின் தகப்பன். இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட அடிமைகளுக்காக ஒரு லட்சம் பவுணுக்கு மேல் வாங்கினார். அடிமைகள் போய்விட்டால் கரும்பை யார் வெட்டுவது? 1838 இல் கல்கத்தாவில் இருந்து பிரித்தானியக் கயானாவுக்குக் கப்பலேறிய முதல் இந்தியக் கூலிகளை வரவழைக்க முன்னின்றவரும் இவரே. அதற்கு முன்பே மொரீசியஸுக்குக் கூலிகள் போகத் தொடங்கிவிட்டார்கள். 1860 இல் நேட்டாலுக்கு முதல் கப்பல் புறப்பட்டது சென்னைத் துறைமுகத்தில் இருந்து. ஒரு கறுப்பினக் குடும்பம் விட்டுப் போன தோட்டத்து லயத்தில் அடுத்ததாகப் படுத்தவர்களில் எங்கள் மொழி பேசியவர்களும் இருந்தார்கள். (அடிமைத்தனமும் ஒப்பந்தக் கூலியும் ஒன்றுதான், எங்களையும் அடிமையாக்கினான் என்று ஒரு பதிவு சுற்றுகிறது. அதை அனுப்பாதீர்கள். ஒப்பந்தக் கூலி கொடுமைதான். ஆனால் கூலியின் பிள்ளை பிறக்கும்போதே முதலாளியின் சொத்தாகப் பிறக்கவில்லை.)

இந்தக் கதை தெரிந்த பிள்ளை தன் வகுப்பில் இருக்கும் ஜமேக்காக்காரப் பிள்ளையைப் பார்க்கிற பார்வை வேறாக இருக்கும். எங்கள் வீட்டுப் பிள்ளைக்குக் கிடைப்பது என்ன? "உந்தக் கறுவல்களோட சேராதை." பின்னேரம் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு, ஏதோ மழை வருது குடையைக் கொண்டு போ என்பதுபோல இதைச் சொல்கிறோம். அம்மம்மா சொல்கிறா, மாமா சொல்கிறார், பிறந்தநாள் விருந்தில் நாலுபேர் சேர்ந்து சிரிக்கிறார்கள். மூலையில் இருந்து போனைத் தட்டுகிற பிள்ளைக்குக் காது கேட்கும். தமிழ் விளங்காது என்று நினைக்கிறீர்களா? தமிழ்ப் பள்ளிக்கு எட்டு வருடம் அனுப்பினது அதுக்குத்தானே.

2020 ஜூன் 7 ஆம் திகதி பிறிஸ்டலில் எட்வேர்ட் கோல்ஸ்டனின் சிலையைக் கயிறு கட்டி இழுத்து விழுத்தி, உருட்டிக்கொண்டு போய்த் துறைமுகத் தண்ணீரில் தள்ளினார்கள். அன்று இரவு எத்தனை வீடுகளில் ஒரே வசனம்: "உடைக்கிறதும் கொள்ளையடிக்கிறதும்தான் உவங்கட தொழில்." கோல்ஸ்டன் யார் என்று பிள்ளை கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? றோயல் ஆபிரிக்கன் கம்பனியில் உயர்பதவியில் இருந்தவர். அவர் அதில் இருந்த காலத்தில் அந்தக் கம்பனி ஏற்றியவர்கள் சுமார் 84,000 பேர் என்றும், அவர்களில் சுமார் 19,000 பேர் கடலிலேயே செத்தார்கள் என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். அவர் இறந்தது 1721 இல். சிலை வைத்தது 1895 இல், நூற்று எழுபத்து நாலு வருடம் கழித்து, ஊரின் மிக ஒழுக்கமும் ஞானமும் உள்ள மைந்தர்களில் ஒருவர் என்று எழுதி. உண்மையைச் சொல்லும் இன்னொரு பலகையை அங்கே வைக்கச் சொல்லி ஊர்ச்சனம் கேட்டது, அதன் வாசகத்திலேயே இழுபறிப்பட்டு ஒன்றும் நடக்கவில்லை. இப்போது அதே சிலை பிறிஸ்டலின் எம் ஷெட் அருங்காட்சியகத்தில், மேலே கொட்டின சாயத்தோடு, படுத்த நிலையில் கிடக்கிறது. விழுத்தியது சரியா பிழையா என்று பிள்ளையோடு விவாதியுங்கள். பிழை என்றும் வாதாடலாம், அதற்கும் நியாயம் இருக்கிறது. விழுத்தியவர்களின் தோல் நிறத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். உண்மையில் அந்தக் கயிற்றைப் பிடித்தவர்களில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் நிறையப் பேர்.

அதே பிறிஸ்டலில் 1963 இல் நடந்ததை எங்கள் பிள்ளைகள் மட்டுமா, நாங்களே அறியோம். பிறிஸ்டல் ஒம்னிபஸ் கம்பனி கறுப்பினத்தவரையும் ஆசியரையும் பஸ்ஸில் சாரதியாகவோ நடத்துனராகவோ எடுக்க மாட்டோம் என்று வெளிப்படையாகச் சொன்னது. தொழிற்சங்கமும் அதற்கு ஒத்து ஊதியது. போல் ஸ்டீவன்சன் என்ற கறுப்பின இளைஞரும் மேற்கிந்தியத் தீவுக்காரர்களும் சேர்ந்து, பஸ்ஸில் ஏறாதீர்கள் என்று ஊரைத் திரட்டினார்கள். ஓகஸ்ட் 28 ஆம் திகதி கம்பனி இறங்கி வந்தது. வெள்ளையரல்லாத முதல் நடத்துனராக அந்த பஸ்ஸில் சீருடையோடு ஏறியவர் யார்? ஒரு சீக்கியர். கறுப்பினத்தவர் நடந்து போய்ப் போராடினார்கள், எங்கள் நிறத்தவருக்கு முதல் வேலை கிடைத்தது. 1965 இல் இன உறவுச் சட்டம் வந்தது. 1968 இல் அதை விரித்து, வேலையிலும் வீடு கொடுப்பதிலும் இனம் பார்ப்பது சட்டவிரோதம் என்றார்கள். அதற்கு முன் "கறுப்பருக்கு இல்லை" என்று ஜன்னலில் அட்டை தொங்கிய நாடு இது. அந்த அட்டை கழற்றப்பட்ட பிறகு விமானத்தில் வந்து இறங்கியவர்கள் நாங்கள். இன்று எங்களில் இரண்டு வீடு, மூன்று வீடு வாங்கி வாடகைக்கு விடுகிறவர்கள் ஏஜென்ஸிக்காரனிடம் குரலைத் தாழ்த்திச் சொல்கிற நிபந்தனை என்ன? நீங்களே மனதுக்குள் சொல்லிப் பாருங்கள்.

எங்கள் சொந்தக் கதையையாவது சொல்லியிருக்கிறோமா? "நாங்கள் வந்தம், இரவு பகலாப் பெற்றோல் நிலையத்தில நிண்டம், வீடு வாங்கினம்." பிள்ளைகளுக்குத் தெரிந்த புலம்பெயர் வரலாறு இவ்வளவுதான். 1987 பெப்ரவரியில் ஹீத்ரோவில் தமிழ் அகதிகளைத் திருப்பி அனுப்ப விமானத்தில் ஏற்ற முற்பட்டபோது, உடுப்பைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளாடையோடு அந்தக் குளிரில் நின்று மறுத்தார்கள். அந்தப் படம் பத்திரிகையில் வந்தது. அதே வருடம் தமிழ் அகதிகளைப் பிடித்து வைக்க ஹாரிச் துறைமுகத்தில் ஏர்ல் வில்லியம் என்ற பழைய பயணிகள் கப்பலைத் தடுப்பு முகாமாக்கினார்கள். ஒக்டோபரில் அடித்த பெரும்புயலில் அது கட்டறுத்துக்கொண்டு போய்த் தரைதட்டியது. அதன் பிறகுதான் உள்ளே இருந்தவர்களை விட்டார்கள். புயல் வந்து திறந்துவிட்ட சிறை! இதைவிடப் பெரிய கதை எந்தச் சினிமாவில் இருக்கிறது? அந்தக் கப்பலில் இருந்தவர்கள் இன்று எங்கள் கோயில் மண்டபங்களில் பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருக்கக்கூடிய வயதுக்காரர். யார் போய்க் கேட்டோம்?

1991 கடைசியில் நியூஹாமில் ஒரு தமிழ் அகதி இளைஞனை இனவெறிக் கும்பல் அடித்துப் போட்டது. சில நாளில் அவன் இறந்தான். அவனுக்காக நீதி கேட்டுத் தெருவில் இறங்கிய நியூஹாம் மொனிட்டரிங் புரொஜெக்ட் கறுப்பினத்தவரும் ஆசியரும் சேர்ந்து நடத்திய அமைப்பு. அ. சிவானந்தன் என்ற பெயரை எத்தனை பிள்ளைகள் கேட்டிருக்கும்? 1958 இல் தமிழருக்கு எதிரான கலவரத்தைக் கண்டு கொழும்பை விட்டு வந்தவர், வந்து இறங்கிய கையோடு நொட்டிங்ஹில்லில் கறுப்பினத்தவருக்கு எதிரான கலவரத்தைக் கண்டார். லண்டனில் இன உறவுகள் நிறுவனத்தில் நூலகராக இருந்து இயக்குநராகி, இந்த நாட்டின் இனவெறியைப் பற்றி வெள்ளைக்காரனே மேற்கோள் காட்டும் அளவுக்கு எழுதினார். 2018 இல் காலமானார். பல்கலைக்கழகங்களில் அவரைப் படிக்கிறார்கள். எங்கள் கலைவிழா மேடையில் அவர் படத்தை ஒரு தடவையும் நான் கண்டதில்லை. கறுப்பினத்தவரோடு சேர்ந்து நின்றவர் என்பதாலோ என்னவோ.

இனி, நீங்கள் கேட்க விரும்பாத பகுதி.

அரசாங்கப் பாடப்புத்தகம் எப்படிப் பொய் சொல்லும் என்பது எங்களுக்குப் பள்ளிக்கூட வயதிலேயே தெரியும். இலங்கையில் நாங்கள் படித்த புத்தகத்தில் துட்டகைமுனு வீரன், எல்லாளன் விழுத்தப்பட வேண்டிய அந்நியன். எல்லாளனை நீதி தவறாத அரசன் என்று மகாவம்சமே சொல்வதைப் புத்தகம் அவசரமாகத் தாண்டிப் போய்விடும். வீட்டில் அப்பா, "உதைச் சோதினைக்கு மட்டும் பாடமாக்கு" என்பார். அப்படி வளர்ந்தவர்கள் தங்கள் பிள்ளைக்கு எழுதிக் கொடுத்திருக்கிற பாடப்புத்தகம் எப்படி இருக்கிறது? அதில் நாங்கள் எப்போதும் அடிபட்டவர்கள் மட்டும். யாரையும் அடித்ததே இல்லை.

1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில், எங்களையும் உள்ளே விடுங்கள் என்று ஒடுக்கப்பட்ட சாதித் தமிழர் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். உள்ளே விடமாட்டோம் என்று மறித்து நின்றது சிங்கள அரசா? 1948 இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தார்கள் என்று கொதிக்கிறோம். உங்கள் அம்மம்மா வீட்டில் பாத்திரம் கழுவ, முற்றம் கூட்ட மலையகத்தில் இருந்து கொண்டுவந்து விட்ட பிள்ளைக்கு என்ன வயது? அது எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனது? எங்கே சாப்பிட்டது, எங்கே படுத்தது? அந்த வீட்டின் படம் உங்கள் வரவேற்பறையில் சட்டம் போட்டுத் தொங்குகிறது, பிள்ளைக்குக் காட்டிக் கண் கலங்குகிறீர்கள். அந்தச் சிறுமியைப் பற்றி ஒரு சொல் இல்லை. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு இரண்டு மணித்தியால அவகாசம் கொடுத்து விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். வடமாகாணம் முழுவதிலும் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வீட்டையும் கடையையும் அப்படியே விட்டுப் போனார்கள். யாழ்ப்பாண நூலகம் எரிந்த 1981 எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும், தெரியத்தான் வேண்டும். 1990 ஏன் தெரியாது?

இதைக் கதைத்தால் வருகிற பதில் எனக்கு மனப்பாடம். இதெல்லாம் சின்னப்பிள்ளைகளுக்கு ஏன்? எங்கட இனத்தை நாங்களே காட்டிக் கொடுக்கிறதா? பிள்ளைக்குப் பெருமையைச் சொல்லி வளர்க்காமல் வெட்கத்தை ஏன் ஊட்டுவான்?

இதே வசனங்களை நீங்கள் ஏற்கெனவே ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறீர்கள். 2020 செப்டெம்பரில் நஷனல் டிரஸ்ட் தன் பொறுப்பில் இருக்கிற மாளிகைகளில் 93 இடங்களுக்கு அடிமை வணிகத்தோடோ காலனி ஆட்சியோடோ தொடர்பு இருக்கிறது என்று ஓர் அறிக்கை வெளியிட்டது. கொன்சர்வேட்டிவ் எம்பிமார் குதித்த குதியைப் பத்திரிகையில் படித்தோம்: நாட்டைச் சிறுமைப்படுத்துகிறார்கள், பிள்ளைகளுக்குத் தங்கள் நாட்டையே வெறுக்கப் பழக்குகிறார்கள், பெருமைப்பட எவ்வளவோ இருக்கக் குப்பையை ஏன் கிளறுவான். கென்யாவில் மாவ் மாவ் கிளர்ச்சிக் காலத்தில் சித்திரவதைப்பட்டவர்கள் வழக்குப் போட்டபோது, ஹான்ஸ்லோப் பார்க்கில் அரசாங்கம் ஆயிரக்கணக்கான காலனிக் கோப்புகளை ஒளித்து வைத்திருந்தது 2011 இல் வெளியே வந்தது. 2013 இல் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட கென்யருக்கு நட்டஈடு கொடுக்க வேண்டி வந்தது. அதைப் படித்துவிட்டு "பாத்தியளே, ஒளிச்சு வைச்சிருக்கிறாங்கள்" என்று கைதட்டியவர்கள், தங்கள் வீட்டு அலுமாரியைத் திறக்கச் சொன்னால் அந்த எம்பிமாரின் குரலிலேயே கதைக்கிறார்கள். இங்கிலாந்து சொன்னால் ஏமாற்று, நாங்கள் சொன்னால் இனப்பற்றோ?

பிள்ளைகள் இதைக் கவனிக்காமல் இல்லை. எங்கள் தமிழ்ப் பள்ளியில் பெரிய வகுப்புப் பெட்டை ஒருத்தி, வாகனத் தரிப்பிடத்தில் நாங்கள் நின்று கதைத்துக்கொண்டிருந்தபோது தாயிடம் கேட்டாள்: "அம்மா, 83 இல அப்பாவை ஒளிச்சு வைச்சது பக்கத்து வீட்டுச் சிங்கள அன்ரி எண்டு சொன்னனீங்கள். அப்ப நீங்கள் ஏன் எல்லாச் சிங்களவரும் எண்டு சொல்லுறனீங்கள்? எல்லாக் கறுவலும் எண்டும் சொல்லுறனீங்கள்." தாய், "வாயைப் பொத்திக்கொண்டு காருக்குள்ள ஏறு" என்றா. அவள் ஏறினாள். ஒரு பிள்ளை எத்தனை தரம் கேட்கும்?

இந்த வருடக் கலைவிழாப் பேச்சுப் போட்டித் தலைப்புகள் வழக்கம்போல "தமிழின் பெருமை", "தாயகம்", "தொலைபேசி நன்மையா தீமையா" என்றே வந்திருக்கின்றன. பெரிய வகுப்புக்காவது வேறு மூன்றை வைக்க வேண்டும் என்று நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்: ஏர்ல் வில்லியம் கப்பல், பிறிஸ்டல் பஸ் புறக்கணிப்பு, வடக்கு முஸ்லிம்களின் வெளியேற்றம். முதலிரண்டுக்குத் தலையாட்டினார்கள். மூன்றாவதுக்கு, "பெற்றோர் விரும்பமாட்டினம்" என்று உங்கள் பெயரைச் சொல்லித்தான் தட்டிக்கழிக்கிறார்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இது எடுபடும். வழக்கமாக அந்தக் கூட்டத்துக்குப் பன்னிரண்டு பேர் வருவோம், மிச்சம் எல்லாரும் காருக்குள் இருந்து போன் பார்ப்பீர்கள். இந்தமுறை இறங்கி உள்ளே வாருங்கள். வேண்டாம் என்று சொல்வதற்கென்றாலும் எழும்பி நின்று, உங்கள் பிள்ளைக்கு முன்னால், உங்கள் வாயால் சொல்லுங்கள்.